இதழினிக்கு ஒன்பதாம் மாதம்

அந்தப் புதன்கிழமை ஆத்திப்பட்டி துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கு வந்திருந்த பெண்களின் வரிசையில் காளீஸ்வரியும் நின்றிருந்தாள். மற்றவர்களின் இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகள் இருந்தன. அவள் கையில் கைப்பேசி மட்டும்தான் இருந்தது.

கிராம சுகாதாரச் செவிலியர் தமயந்தி முதலில் அவளைக் கவனிக்கவில்லை. பங்குனி வெயிலில் ஐஸ் பெட்டியின் மூடியை அடிக்கடி திறக்கக்கூடாதே என்ற கவலையில் இருந்தாள். ஆறாவது பிள்ளைக்கு ஊசி போட்டு, அழுகை ஓய்ந்ததும், அடுத்த பெயருக்காக டேப்லெட்டைத் திருப்பினாள். இதழினி, தாய் காளீஸ்வரி, ஒன்பது மாதம், தட்டம்மை ரூபெல்லா முதல் தவணை என்றிருந்தது. தமயந்தி கூப்பிடவில்லை. காளீஸ்வரியே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இதழினி இறந்து ஏழரை மாதமாகிவிட்டது. நாற்பத்தேழாம் நாள் காலையில் பால் குடித்துத் தூங்கிய குழந்தை பிறகு விழிக்கவில்லை. செய்தி கேட்டு முதலில் ஓடியவள் தமயந்திதான். அதற்கு ஐந்து நாள் முன்னால் அவள் போட்ட ஊசியால்தான் போய்விட்டது என்று ஊருக்குள் பேச்சு எழுந்தது. பால் புரையேறியதுதான் காரணம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. கடைசியில் காளீஸ்வரியே நாலு பேர் முன்னால் வந்து நின்று, "நர்சக்காவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. பால் குடுத்தது நானு" என்று சொன்ன பிறகுதான் ஊர் வாயை மூடியது. அதைத் தமயந்தி மறக்கவில்லை.

"மெசேஜ் வந்துச்சுக்கா. இன்னிக்குத் தேதின்னு போட்டிருக்கு. அதான் வந்தேன்" என்று சொல்லிக் காளீஸ்வரி கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

திரையில் ஒரு குழந்தையின் முகம் இருந்தது. நெற்றியில் சுருண்ட முடி, சிரிக்கப் போகிற வாய், கீழ் ஈறில் இரண்டு பற்கள். இடது காதின் மேல்நுனி லேசாக மடிந்திருந்தது. பிரசவ அறையில் குழந்தையைத் துடைத்துக் கொடுத்தபோது தமயந்தி பார்த்த அதே மடிப்பு.

"இது யாரு படம்?"

"அவதாங்க்கா. மாசாமாசம் மாறுது. பொங்கலன்னிக்கு மொத மெசேஜ் வந்துச்சு. உங்கள் மகள் இதழினிக்கு ஏழு மாதம், எடை ஆறு கிலோ எண்ணூறுன்னு. அப்ப பல்லு இல்ல. இப்பதான் ரெண்டு வந்திருக்கு."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரு திருப்பூருல இருக்காரு. சொல்லல. சொன்னா நம்பர மாத்தச் சொல்லுவாரு."

பின்னால் நின்ற பெண்களுக்குக் கேட்காதபடி காளீஸ்வரி மேசைமேல் குனிந்தாள்.

"எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நினைக்காதீங்க. எம் மடியிலதான் அடங்குச்சு. எங்க பொதச்சாங்கன்னும் தெரியும். ஆனா இங்க ஊசி போடலைன்னா அவ பேரு செகப்பாயிரும்ல. செகப்பானா படம் நின்னுருமோன்னு இருக்கு. போட்டாச்சுன்னு ஒரே ஒரு அமுக்கு அமுக்கிருங்கக்கா."

தமயந்தியால் அமுக்கவும் முடியவில்லை, முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவைத்தாள். வரிசை முடிந்தது. மாலை ஐந்து மணிக்கு நிலையத்தைப் பூட்டப் போகும்போது மறுபடி பட்டியலைப் பார்த்தாள். ஏழாவது வரி தானாகவே பச்சையாகியிருந்தது. ஊசி செலுத்தப்பட்டது. செலுத்தியவர் தமயந்தி. நேரம் பதினொன்று இருபது. குழந்தையின் எடை ஏழு கிலோ நானூறு. பக்கத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகையின் சின்னப் படம்.

பதினொன்று இருபதுக்குத்தான் காளீஸ்வரி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் திட்ட அலுவலகத்திலிருந்து நவ்ஷாத் பைக்கில் வந்தான். முப்பது வயதிருக்கும். 'மொட்டு' என்ற அந்தப் பதிவு முறையில் எது பழுதானாலும் இந்த வட்டாரத்துக்கு அவன்தான் வருவான். தமயந்தி சொன்னதைக் கேட்டுக்கொண்டே தன் மடிக்கணினியில் இதழினியின் பதிவைத் திறந்தான். வரி வரியாகக் கீழே இறக்கிப் படித்தான்.

"அந்தக் குழந்தை இறந்ததை நான் அதே வாரம் பதிஞ்சேன் தம்பி" என்றாள் தமயந்தி.

"பதிஞ்சிருக்கீங்க சிஸ்டர். இருக்கு. ஆனா ஜனவரியில புது மொட்டு வந்துச்சுல்ல, அது பழைய பதிவு எல்லாத்தையும் ஒருதடவ திரும்பப் படிச்சுது. எங்கெங்க காலியா இருக்கோ அங்க இருக்க வேண்டியத தானே நிரப்பும். எங்கெங்க தப்பு இருக்கோ திருத்தும். அதுக்காகத்தான் அதச் செஞ்சோம். நர்சுங்க விட்டுப்போன கட்டத்தையெல்லாம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்க வேண்டாமேன்னு."

"இதுல என்ன தப்பு இருந்துச்சு?"

நவ்ஷாத் தயங்கினான். "பிறந்தப்ப மூணு கிலோ. தாய்க்கு ரத்தம் நல்லா இருந்திருக்கு. தவணை தவறாம ஊசி. இந்த மாதிரிக் குழந்தை நாற்பத்தேழு நாளுல சாகுறது ரொம்ப அபூர்வம். அதனால நீங்க கை தவறி அமுக்கிட்டீங்கன்னு எடுத்துக்கிச்சு."

மடிக்கணினித் திரையிலிருந்த படத்தைத் தமயந்தி சுட்டிக் காட்டினாள்.

"படம் எப்படின்னா, பிள்ளைங்க முகம் மாசத்துக்கு மாசம் மாறும். அடையாளத்துக்கு ஒவ்வொரு தடவையும் புதுப்படம் எடுக்க முடியாது. தாய், தகப்பன் முகத்த வெச்சு அதுவே வளர்த்துக்கும். உயிரோட இருக்கிற பிள்ளைங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா இருக்கு."

"என் ரேகை?"

"நீங்க கொடுத்தது உள்ள இருக்கு. தேவைப்படுற எடத்துல வெச்சுக்குது."

அப்போதுதான் தமயந்திக்கு வேறொரு நினைப்பு வந்தது. போன கார்த்திகை மழையில் சாயல்மேட்டுக்குப் போகும் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று புதன்கிழமை அந்தப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. கட்டங்களை அவள் காலியாகத்தான் விட்டிருந்தாள். தை பிறந்து பார்த்தபோது எல்லாம் பச்சையாக இருந்தது. அந்தக் கரையிலிருக்கும் நர்ஸ் யாரோ போய்ப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பச்சையானவர்கள் பட்டியலில் வருவதில்லை. பட்டியலில் வராதவர்களுக்கு மருந்து வருவதில்லை. ஆகையால் அதன்பின் சாயல்மேட்டுக்குப் போகும்படி மொட்டு அவளிடம் சொல்லவே இல்லை.

"தம்பி, சாயல்மேட்டைத் திறங்க" என்றாள்.

பதினான்கு குழந்தைகள். பதினான்கும் பச்சை. போட்டவர் பெயர் எல்லாவற்றிலும் தமயந்தி.

வெள்ளிக்கிழமை காலை அவள் சாயல்மேட்டுக்குப் போனாள். முப்பது வீடுகள் இருக்கும், சுற்றிலும் சீமைக்கருவேலம். முதல் வீட்டு வாசலிலேயே வேப்பிலை செருகியிருந்தது. அடுத்த வீட்டிலும் இருந்தது. மூன்றாவது வீடு செல்வராணியுடையது. உள்ளே ஈரத்துணி கட்டி இருட்டாக்கிய அறையில் பதின்மூன்று மாத ருத்ரன் கிடந்தான். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து, மார்பு என்று சிவப்புத் தடிப்புகள் இறங்கியிருந்தன. கண் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போது விலா உள்ளே போய் வந்தது.

"மணல்வாரிக்கா. அஞ்சு நாளாச்சு. தண்ணி ஊத்துனா சரியாப் போகும்னு இருக்கோம்" என்றாள் செல்வராணி.

"இவனுக்கு ஒன்பது மாச ஊசி போட்டிருக்கா?"

"நீங்கதான் மழையில வரவே இல்லையேக்கா. அப்புறம் போனுல போட்டாச்சுன்னு வந்துச்சு. ஆஸ்பத்திரில கேட்டதுக்கு, போட்டாச்சு போட்டாச்சுன்னே சொன்னாங்க. ஒருவேளை நான் வேலைக்குப் போயிருந்தப்ப யாராச்சும் வந்து போட்டாங்களோன்னு விட்டுட்டேன்."

நான்கு வீடுகளில் நான்கு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. மீதிப் பத்தும் அவர்களோடு ஒரே மணலில் விளையாடிய பிள்ளைகள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கோமதிநாயகம் ருத்ரனைப் படுக்கையில் சேர்த்து, வைட்டமின் ஏ கொடுத்து, ஆக்சிஜன் வைத்தார். நோயின் பெயரை அவர் உள்ளிட்டபோது திரை அதை ஏற்கவில்லை. இந்தப் பகுதியில் தடுப்பூசி நூறு விழுக்காடு, இது வேறு ஒவ்வாமைத் தடிப்பாக இருக்கலாம் என்று காட்டியது.

"சார், மீதிப் பத்துப் பிள்ளைங்களுக்கு இப்பவே போட்டா காப்பாத்திரலாம்" என்றாள் தமயந்தி.

"எனக்குத் தெரியாதா சிஸ்டர்? ஆனா மருந்து வெச்சிருக்கிற குளிர்சாதனப் பெட்டி மொட்டு சொன்னாத்தான் திறக்கும். பச்சைப் பிள்ளைக்கு அது ஒரு குப்பிகூடத் தராது. பூட்டை உடைச்சா உள்ள இருக்கிறதெல்லாம் கெட்டதுன்னு முத்திரை விழுந்துரும். அடுத்த வட்டாரத்துலயும் கேட்டுப் பார்த்துட்டேன். அங்கயும் அதே பூட்டுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க ரேகை வேற இருக்கு. நாளைக்கு விசாரணைன்னு வந்தா, போடாத ஊசியப் போட்டதா பதிஞ்சது நீங்கதான்னு ஆகும். யோசிச்சுக்கங்க."

யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, இன்னின்ன தேதிகளில் நான் சாயல்மேட்டுக்குப் போகவில்லை, என் பெயரில் உள்ள ஊசிகளை நான் போடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தகவல் கேட்டு அங்கே வந்திருந்த நவ்ஷாத் அதைப் படமெடுத்து மொட்டுக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பணியாளர் மறந்திருக்கக்கூடும், ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது.

நவ்ஷாத் வராந்தாவில் நெடுநேரம் நடந்துகொண்டிருந்தான். பிறகு தமயந்தியிடம் வந்தான்.

"ஒரு வழி இருக்கு சிஸ்டர். ஒரே ஒரு பதிவு பொய்யின்னு சந்தேகமில்லாம நிரூபணமாச்சுன்னா, இந்த வட்டாரத்துப் பதிவு மொத்தத்தையும் மொட்டு நிறுத்திரும். பெட்டி டாக்டர் கைக்கு வந்துரும். அப்படித்தான் எழுதி வெச்சிருக்கோம். இதுவரைக்கும் நடந்ததில்ல."

"இந்தப் பதினாலுல ஒண்ண நிரூபிக்க முடியாதா?"

"ஊசி போடலைங்கிறதுக்கு உடம்புல என்ன அடையாளம் காட்டுவீங்க? ரத்தம் எடுத்து அனுப்பி முடிவு வர்றதுக்குப் பத்து நாளாகும். ஆனா செத்துப்போன பிள்ளைக்கு ஊசி போட முடியாது. அது மட்டும் மொட்டுக்கே புரியும்."

தமயந்திக்கு அவன் எங்கே வருகிறான் என்று தெரிந்துவிட்டது.

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டான்.

"நாற்பத்தேழு நாள் குழந்தைக்கு யார் போய் வாங்குவா தம்பி."

"அப்ப தாயோட ரேகைதான். வேற எதையும் ஏத்துக்காது."

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் காளீஸ்வரியைத் தேடிப் போனார்கள். ஊருக்கு வெளியே கரிமூட்டம் போடுகிற இடத்தில், ஆறிய கரியை அள்ளி மூட்டையில் கட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. நவ்ஷாத்தின் தோளில் தொங்கிய பையைப் பார்த்ததுமே அவள் கை நின்றுவிட்டது.

"படத்த நிறுத்தப் போறீங்களாக்கா?"

தமயந்தி கருவேல மர நிழலில் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ருத்ரனைச் சொன்னாள், மற்ற மூவரைச் சொன்னாள், பூட்டிய பெட்டியைச் சொன்னாள். தன் கையெழுத்து செல்லாமல் போனதையும் மறைக்கவில்லை. உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்ல நினைத்தாள். அது பொய் என்று தோன்றியதால் சொல்லவில்லை.

காளீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பல்லு எத்தன இருக்கு?"

"எட்டு."

"எட்டா." அவள் விரலில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்தாள். "இவளுக்கு இன்னும் அஞ்சாறு மாசத்துல வந்திருக்கும்ல."

நவ்ஷாத் மெதுவாகச் சொன்னான். "அக்கா, வேணும்னா மூடுறதுக்கு முன்னாடி ஒருதடவ முன்னால ஓட்டிக் காட்டுறேன். அஞ்சு வயசு, பத்து வயசு, கல்யாண வயசு வரைக்கும் எப்படி இருப்பான்னு பார்க்கலாம்."

காளீஸ்வரி அவனை ஒரு கணம் பார்த்தாள். ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாம் தம்பி. பார்த்தா அப்புறம் அவ பள்ளிக்கூடம் போறது, சடங்கு சுத்துறது எல்லாத்தையும் நினைச்சுக்கிட்டு இருப்பேன். ஒன்பது மாசத்தோட இருக்கட்டும்."

குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நவ்ஷாத் நீட்டிய கருவியில் கட்டைவிரலை வைத்தாள். கரி ஏறித் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. மீண்டும் முயலவும் என்று வந்தது. மறுபடி வைத்தாள். அதுவும் ஆகவில்லை. தமயந்தி தன் முந்தானையை நனைத்து அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். ஒவ்வொரு தடவையும் திரை முதலிலிருந்து அதே கேள்வியைக் கேட்டது. உங்கள் மகள் இதழினி இறந்துவிட்டதாகப் பதிவு செய்கிறீர்கள். இது பிழையா?

"பிழை இல்ல" என்று காளீஸ்வரி ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொன்னாள். நான்காவது தடவை ரேகை விழுந்தது.

மடியிலிருந்த அவளுடைய கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. படம் சாம்பல் நிறமாகி, பிறகு இல்லாமல் போனது. பழைய மாதங்களின் செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அவள் கடைசிச் செய்தி மறையும் வரை பார்த்துவிட்டு எழுந்து போய்க் கரி மூட்டையின் வாயைத் தைக்க ஆரம்பித்தாள். தமயந்தி பக்கத்தில் போய் நின்றாள்.

"போங்கக்கா. அங்க பிள்ளைங்க இருக்குல்ல" என்றாள் காளீஸ்வரி, திரும்பாமல்.

அன்று சாயங்காலமே பெட்டி திறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பிள்ளைகளுக்கும் தமயந்தி ஊசி போட்டாள். யார் யாருக்குப் போட்டேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அவர்களில் இரண்டு பேருக்கு லேசாகத் தடிப்பு வந்து போனது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ருத்ரன் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். இடது கண்ணில் மட்டும் வெள்ளை விழுந்துவிட்டது. செல்வராணி அதற்காக யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தமயந்திக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

விதிப்படி வட்டாரம் முழுக்கப் பதிவுகள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு நர்சும் வீடு வீடாகப் போய், பிள்ளையைக் கண்ணால் பார்த்துத் தலையெண்ணி வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று வாரம் ஆயிற்று. முடிந்த அன்று டாக்டர் கோமதிநாயகம் தமயந்தியை அறைக்குக் கூப்பிட்டார். நவ்ஷாத் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். அவன் முகம் சரியில்லை.

"மொட்டுல ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்க ரெண்டாயிரத்து நூத்தி நாலு. நேர்ல எண்ணினது ரெண்டாயிரத்து எண்பத்தேழு" என்றார் டாக்டர்.

"பதினேழு குறையுது" என்றாள் தமயந்தி.

"அந்தப் பதினேழு வீட்டுலயும் பிள்ளை இறந்திருக்கு. எல்லாம் அந்தந்த நர்ஸ் பதிஞ்சதுதான். எல்லாத்தையும் ஜனவரியில அது திருத்தியிருக்கு. உங்க இதழினிய சேர்க்காம பதினேழு."

தமயந்தி நவ்ஷாத்தைப் பார்த்தாள். "அப்ப அந்த அம்மாக்களுக்கும் மாசாமாசம் படம் போச்சா?"

"போச்சு சிஸ்டர்."

"ஒருத்தர்கூடப் புகார் சொல்லலையா?"

"புகார் எண்ணுக்கு வந்த அழைப்பு எல்லாத்தையும் தேடிப் பார்த்துட்டேன். அந்தப் பதினேழு வீட்டுலருந்து ஒரே ஒரு அழைப்புதான் வந்திருக்கு. இந்த மாசப் படம் ரெண்டு நாள் தாமதமாகுது, ஏன்னு கேட்டு."

டாக்டர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பதினேழு முகவரிகள். "பதிவ மூட இவங்க ரேகை வாங்கணும். மத்த நர்சுங்க யாரும் போக மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத்தான் எப்படிப் பேசணும்னு தெரியும்."

தனக்கு என்ன தெரியும் என்று தமயந்திக்கு விளங்கவில்லை. ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டாள்.

முதல் முகவரி கூவலப்பட்டியில் சித்ராதேவி என்ற தையல்காரப் பெண்ணுடையது. மகன் பெயர் அகரன். ஐந்தாம் மாதத்தில் நிமோனியாவில் இறந்தவன். மொட்டின் கணக்கில் அவனுக்கு இப்போது ஒரு வயது எட்டு மாதம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், தமயந்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலுக்குப் பக்கத்துக் கொடியில் குழந்தைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் புதுத் துணி, வீட்டிலேயே தைத்தவை. ஒன்று ஒன்றரை வயதுப் பிள்ளை அளவு. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரியது. கடைசியில் தொங்கியது, எண்பத்துமூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பையனுக்குக் கச்சிதமாக இருக்கும். தாளில் அகரனின் உயரம் அதுதான்.

கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வந்தவளின் நீலப் புடவையையும், கையிலிருந்த டேப்லெட்டையும், தோளில் தொங்கிய ரேகைக் கருவியையும் அவள் வரிசையாகப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் கொஞ்சமும் மாறவில்லை. வீட்டுக்குள் ஒரு தொட்டில் கட்டியிருந்தது. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் ஆட்டிவிட்டு வந்திருப்பாள்.

சித்ராதேவி உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இப்பத்தான் கண்ண மூடியிருக்கான். மெதுவாப் பேசுங்க சிஸ்டர்."

தமயந்தி செருப்பை ஓசைப்படாமல் கழற்றினாள். பேச வாயெடுத்தபோது, தன் குரல் தாழ்ந்து வருவதை அவளே கேட்டாள்.